குண்டாற்றுக் கரையில் ஒரு நாள் ஓட்டம்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில் காரியாபட்டியைக் கடந்ததும் மானாவாரி நிலம் விரிகிறது. புரட்டாசி கடைசி. உழுது போட்ட காடுகளில் சில இடத்தில் விதைப்பு முடிந்திருந்தது. சில இடத்தில் மழை முகம் பார்த்துக் காத்திருந்தார்கள். சோளம், கம்பு, குதிரைவாலி, பருத்தி, மல்லி, மிளகாய் என்று எதை விதைத்தாலும் வடகிழக்குப் பருவமழை கைகொடுக்க வேண்டும். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவில் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையிலேயே வந்து போய்விடும். மற்ற நாளெல்லாம் வெயில்தான். விதைக்காமல் விட்ட இடமெங்கும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

இந்த வெயில் காட்டுக்கு ஒரு கேள்வியோடு வந்திருந்தோம். பேருக்கு ஹைபிரிட்டாக இருக்கும் ஒரு காட்டுப்பாதை வண்டியை மின்சாரத்தின் பக்கம் எவ்வளவு தூரம் நகர்த்தலாம்? முழுக்க நகர்த்தத்தான் வேண்டுமா?

வண்டி என் நண்பருடையது. வயதில் மூத்தவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அருப்புக்கோட்டையில் வீடு, திருச்சுழிக்கு அப்பால் நிலம். இரண்டுக்கும் நடுவே ஓடுவதற்காக 2016-இல் வாங்கிய மகிந்திரா ஸ்கார்பியோ. ‘இன்டெல்லி-ஹைபிரிட்’ வகை, டீசல் இன்ஜின், பின்சக்கர இயக்கம். மூட்டை ஏற்ற, ஆளை ஏற்ற, ஆட்டுக்குட்டியை ஏற்ற என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வண்டி. உரச்சாக்கின் வாடை அதன் பின்னிருக்கையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அதை விற்க அவருக்கு மனமில்லை. அடிச்சட்டம் உறுதியாக இருக்கிறது, பதிவுக்காலம் 2031 வரை இருக்கிறது. “இதுல பாதி கரண்ட் இருக்குன்னுதானே வித்தாங்க, மீதிப் பாதியையும் நாமளே சேத்துற முடியாதா தம்பி?” என்று அவர் கேட்டதிலிருந்து தொடங்கியது இந்தப் பயணம்.

அந்தப் பாதி எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். 2016 ஜூலையில் இந்த ஏற்பாட்டோடு ஸ்கார்பியோவை வெளியிட்டபோது 7 விழுக்காடு வரை எரிபொருள் மிச்சமாகும் என்று மகிந்திரா சொன்னது. வண்டி நின்றால் இன்ஜின் தானாக அணையும். கிளட்சை மிதித்தால் மறுபடி உயிர் பெறும். பிரேக் பிடிக்கையில் வீணாகும் விசையில் கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்பும். வேகமெடுக்கும்போது மின்சாரம் இன்ஜினுக்குச் சற்றே தோள் கொடுக்கும். மின்சாரத்தை மட்டும் நம்பி ஓர் அடிகூட நகராது. உலகெங்கும் மைல்ட் ஹைபிரிட் என்று விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் நிலையும் இதுதான். டொயோட்டா ஹைலக்ஸின் 48 வோல்ட் வகையில் இருக்கும் லித்தியம் பேட்டரி 4.3 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையது. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 0.2 யூனிட். இரண்டு டன் வண்டி கிராமச் சாலையில் நிதானமாக ஓடவே கிலோமீட்டருக்கு அந்த 0.2 யூனிட் தேவைப்படும். பேட்டரியை ஒட்டக் கறந்தாலும் ஒரு கிலோமீட்டர்தான் கிடைக்கும். அதே 48 வோல்ட் ஏற்பாடு 2025 ஜூனில் ஃபார்ச்சூனரிலும் இந்தியாவுக்கு வந்தது.

இந்த ஏற்பாடு பெருநகர நெரிசலை மனத்தில் வைத்துச் செய்தது. நூறு அடிக்கு ஒருமுறை நின்று கிளம்பும் இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே நாங்கள் நின்றதெல்லாம் ஆட்டுமந்தை குறுக்கே போனபோதும் ரயில்வே கேட் மூடியபோதும்தான். மேடுபள்ளம் அதிகம் இல்லாத சமவெளி என்பதால் பிரேக்கிலிருந்து திரும்பக் கிடைக்கும் விசையும் குறைவு. இந்த மண்ணில் அந்த 7 விழுக்காட்டை எட்டுவதற்கு வழியே இல்லை.

அரசும் அதை ஒரு கட்டத்தில் உணர்ந்தது. மின்வாகனங்களை ஊக்குவிக்க 2015-இல் கொண்டுவந்த ஃபேம் திட்டத்தில் மைல்ட் ஹைபிரிட்டுகளுக்கும் மானியம் இருந்தது; 2017 ஏப்ரல் 1 முதல் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பெரும்பாலான ஹைபிரிட் கார்கள்மேல் 28 விழுக்காடு வரியும் 15 விழுக்காடு செஸ்ஸும் விழுந்தன. வாங்கியவர்கள் கையில் வண்டி மட்டும் மிஞ்சியது.

அருப்புக்கோட்டைக்குள் நுழைந்தால் விசைத்தறிச் சத்தம் தெருவுக்குத் தெரு கூடவே வருகிறது. கைத்தறியும் சாயமும் வளர்த்த ஊர் இது. கையாலும் காலாலும் இழுத்த தறிக்கு மோட்டார் வந்தபோது நெசவு நின்றுவிடவில்லை, நெசவாளர்கள் மாறிக்கொண்டார்கள். தறி மோட்டாரும் கிணற்று மோட்டாரும் எரிந்துபோனால் எடுத்துக்கொண்டு ஓடுவதற்குக் காயில் கட்டும் பட்டறைகள் ஊரில் இருக்கின்றன. அண்ணன் தனக்குப் பழக்கமான ஒரு பட்டறைக்கு என்னை அழைத்துப் போனார். தரையெல்லாம் பழைய செம்புக் கம்பிச் சுருள், வார்னிஷ் வாடை, சுவரோரம் முறை வைத்துக் காத்திருக்கும் பம்ப்செட்டுகள். பட்டறையை நடத்தும் பெரியவர் எங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையில் இருந்த சுருளைக் கீழே வைத்தார்.

“வண்டி மோட்டாரும் கெணத்து மோட்டாரும் ஒரே இனந்தான் தம்பி. கம்பி, இரும்பு, பேரிங். அதுல காந்தம் இருக்கும், வேகமாச் சுத்தும், தண்ணி சுத்தவிட்டு குளுத்துவாங்க. அதையெல்லாம் கத்துக்கிடலாம். பேட்டரியும் அந்தக் கண்ட்ரோலரும்தான் நமக்குப் புதுசு. முந்நூறு நானூறு வோல்ட் டி.சி.ன்னா தொட்ட கை திரும்ப வராது. அத முறையாச் சொல்லிக் குடுக்க ஆளு வேணும்.”

அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு இந்தப் பயணத்தின் திறவுகோலாக அமைந்தது. அவருடைய அப்பா காலத்தில் கிணற்றில் கமலை கட்டி மாடு இழுத்தது. பிறகு ஆயில் இன்ஜின் வந்தது. 1950-களிலும் 60-களிலும் மின்கம்பம் ஊருக்குள் வரத்தொடங்கியதும் கரண்ட் மோட்டார் வந்தது. ஆனால் ஆயில் இன்ஜினை யாரும் உடனே பழைய இரும்புக்குப் போட்டுவிடவில்லை. அதே கிணற்று மேட்டில் ஓரமாக வைத்திருந்தார்கள். கரண்ட் இருக்கும்வரை மோட்டார், நின்றுபோனால் இன்ஜின். பயிர் கருகாமல் காத்தது அந்த இரட்டை ஏற்பாடு. “அன்னாடப்பாட்டுக்குக் கரண்ட், ஆத்திரத்துக்கு ஆயிலு” என்றார் பெரியவர். அண்ணன் வண்டிக்குத் தேவைப்படுவதும் இதே முறைதான். இன்ஜினைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. அன்றாட ஓட்டம் முழுவதையும் மின்சாரம் எடுத்துக்கொண்டு, தொலைதூரத்துக்கு இன்ஜின் காத்திருந்தால் போதும்.

அப்படியானால் அன்றாட ஓட்டம் எவ்வளவு? அதை அளப்பதற்குத்தான் அண்ணனின் ஒரு நாளோடு நானும் ஓடினேன். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அங்கிருந்து நிலம், கம்மாய்க்கரை, உரக்கடை, மறுபடி வீடு. எப்படிச் சுற்றினாலும் நாற்பதைத் தாண்டுவது அரிது.

திருச்சுழிச் சாலையில் கருவேலங்காட்டுக்குள் அங்கங்கே புகை எழுந்துகொண்டிருந்தது. கரிமூட்டங்கள். வெட்டிய கருவேலங்கட்டையை அடுக்கி, மேலே மண் பூசி, உள்ளே காற்று அதிகம் புகாமல் மெல்ல வேகவிட்டு எடுக்கும் கரி, லாரி லாரியாக வெளியூர் போகிறது. வெள்ளாமை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது இந்தப் புகையால்தான். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் சென்னை மாகாணத்துப் பஸ்களில் கரிவாயு உலையைப் பொருத்தி ஓட்டினார்கள். கரியைப் புகையவிட்டு, வரும் வாயுவைச் சுத்தப்படுத்தி, அதே பெட்ரோல் இன்ஜினுக்குள் செலுத்தினார்கள். வேகம் குறைந்தது, சாம்பல் அள்ள வேண்டியிருந்தது, ஆனாலும் பஸ் ஓடியது. ஓடுகிற வண்டியை வைத்துக்கொண்டு எரிபொருளை மாற்றுவது நமக்குப் புதிய கலை இல்லை. கிடைப்பதை வைத்து ஓட்டத் தெரிந்த மெக்கானிக்குகளின் மரபு இங்கே நீண்டது.

முந்தின இரவு ஒரு மழை பெய்திருந்தது. பெரிய மழை இல்லை; ஆனால் கரிசலுக்கு அது போதும். தார்ச்சாலையை விட்டு வண்டிப்பாதையில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே பின்சக்கரங்கள் வழுக்கத் தொடங்கின. இந்தக் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பும். காய்ந்தால் கால் புகும் அளவுக்கு வெடிக்கும். ஈரத்தில் டயரின் பள்ளங்களை அப்பி அடைத்துவிடும், பிறகு டயர் வழவழப்பான உருளையாகிவிடும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் சக்கரம் அதே இடத்தில் குழி பறிக்கிறது. மெல்ல விட்டால் இன்ஜின் திணறுகிறது. நடுவே கிளட்ச் கருகும் வாடை. இரு சக்கரத்தில் மட்டும் இயக்கம் உள்ள எந்த வண்டிக்கும் இந்தச் சேற்றில் இதே கதிதான். சாக்குகளை மடித்துச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு, பக்கத்துக் காட்டுக்காரர்கள் தள்ள, கரையேறினோம். இந்தப் பக்கத்துக்காரர்கள் அவசரத்துக்கும் கருவேலங்கொப்பை வெட்டிப் போடமாட்டார்கள். அந்த முள் டயரைத் துளைத்துவிடும்.

சேற்றைத் தட்டிக்கொண்டே அண்ணனோடு பேசியதில்தான் மாற்றத்தின் வடிவம் தெளிந்தது. பின்சக்கரங்களை இன்ஜின் தள்ளுகிறது. முன்சக்கரங்கள் சும்மா உருள்கின்றன. சேற்றில் அவையே முட்டுக்கட்டை. அந்த முன் அச்சுக்கு ஒரு மின்மோட்டாரைக் கொடுத்தால்? இன்ஜினுக்கும் மோட்டாருக்கும் இடையே கியரோ தண்டோ வேண்டாம். இரண்டையும் சேர்த்து வைப்பது தரைதான். ஊருக்குள் ஓடும்போது இன்ஜின் அணைந்திருக்கும், முன்சக்கரம் இழுக்கும். நெடுஞ்சாலையில் மோட்டாரின் பிணைப்பு விடுபட்டிருக்கும், இன்ஜின் தள்ளும். சேற்றில் இரண்டும் சேரும். நான்கு சக்கரமும் வேலை செய்யும். மோட்டாருக்குக் கிளட்ச் இல்லை. சுழலத் தொடங்கும் முதல் கணத்திலேயே அதன் முழு முறுக்குவிசையும் கிடைக்கும். கரிசலில் வேண்டியது வேகம் அன்று, நிதானமான இழுப்பு. அது மின்மோட்டாருக்குப் பிறவியிலேயே வாய்த்தது.

சொல்வது சுலபம். செய்ய வேண்டிய வேலை நிறைய. பின்சக்கர வண்டியில் முன் அச்சுக்கு டிஃபரன்ஷியலும் கிடையாது, சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் தண்டுகளும் கிடையாது. அவற்றைப் பொருத்தியாக வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு ஓடினால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், ஏனென்றால் அதன் எண்ணெய்ப் பம்பைச் சுற்றுவது இன்ஜின். பிரேக்குக்குக் கைகொடுக்கும் வெற்றிடப் பம்பும் ஏ.சி. கம்ப்ரஸரும் அப்படித்தான். மூன்றுக்கும் மின்சாரத்தில் ஓடும் மாற்று வேண்டும். இதை மறந்துவிட்டு மோட்டாரையும் பேட்டரியையும் மட்டும் கணக்கிடுகிறவர் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். இரண்டு டன் வண்டி பாதிப் பிரேக்கோடு ஆட்டுமந்தையை நோக்கிப் போவதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

திருச்சுழியில் குண்டாற்றங்கரையில் வண்டியை நிழலில் போட்டோம். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலும், 1879 டிசம்பர் 30-இல் ரமண மகரிஷி பிறந்த வீடும் இந்தச் சிற்றூரில்தான் இருக்கின்றன. அந்த வீடு இப்போது சுந்தர மந்திரம். திருவண்ணாமலைக்குப் போகிறவர்களில் சிலர் இங்கேயும் வந்து சற்று உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். ஆற்றில் மணலும் நாணலும்தான் இருந்தன. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் பிறந்து திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகக் கடலுக்குப் போகும் இந்த ஆறு, ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய காவிரி-வைகை-குண்டாறு இணைப்புத் திட்டத்துக்குப் பெயரின் கடைசியில் இருப்பது இதுதான். இந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கையிலும் கடைசியில் மிச்சமிருப்பது அதுதான்.

வெள்ளம் வந்தால் தரைப்பாலங்களில் முழங்காலுக்குத் தண்ணீர் போகும். பேட்டரிப் பெட்டியும் இணைப்புகளும் நீர் புகாதபடி அடைபட்டிருக்க வேண்டும் என்பதை இந்த ஆறு முன்னெச்சரிக்கையாகச் சொல்கிறது. சித்திரை வெயில் சொல்வது வேறொன்று. நிழலிலேயே 40 பாகையைத் தொடும் நாளில், மூடிய வண்டிக்குள் வெப்பம் அதையும் தாண்டும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. அதிலும் முழுச் சார்ஜோடு வெயிலில் நிற்பது ஆகவே ஆகாது. கோபால்ட் கலந்த வகைகளைவிட இரும்பு பாஸ்பேட் வகை சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், எளிதில் தீப்பற்றாது, நீண்ட நாள் உழைக்கும். எடை மட்டும் சற்றுக் கூடுதல். மூட்டை சுமக்கும் வண்டிக்கு அது பெரிய குறையில்லை. இந்த ஊருக்கு அதுதான் பொருத்தம்.

பேட்டரியின் அளவை ஆற்றங்கரையிலேயே கணக்குப் போட்டோம். நாள் ஓட்டம் 40 கிலோமீட்டர். தார்ச்சாலையில் கிலோமீட்டருக்கு 0.2 யூனிட், சேற்றிலும் மூட்டையோடும் 0.3. ஆக, நாளைக்கு 8 முதல் 12 யூனிட் வரை. கொஞ்சம் கையிருப்பு வைத்தால் 15 யூனிட் பேட்டரி போதும். இரும்பு பாஸ்பேட்டில் அது ஏறத்தாழ 120 கிலோ எடை. இரண்டு ஆள் ஏறி உட்கார்ந்தது போல. முழு மின்வண்டிகளோடு ஒப்பிட்டால் இதன் சிறுமை புரியும். 2025 ஜூனில் வந்த டாடா ஹாரியர் இ.வி.யின் நான்கு சக்கர இயக்க வகையில் இருப்பது 75 யூனிட் பேட்டரி. சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடுகிறவருக்கு அது வேண்டும். கம்மாய்க்கும் வீட்டுக்கும் ஓடுகிறவர் அதைச் சுமப்பது, ஒரு குடம் தண்ணீருக்காக ஊரணியையே பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவருவது.

செலவும் பார்த்தோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் 40 கிலோமீட்டருக்கு 3.3 லிட்டர் டீசல். 90 ரூபாய்க்கு மேல் விற்கும் டீசலில் அது 300 ரூபாய். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் மின்சாரத்தில் 100 ரூபாய்தான். வீட்டில் இருக்கும் 15 ஆம்பியர் பிளக் மணிக்கு 3 யூனிட் அளவில் கொடுக்கும். மூன்று நான்கு மணி நேரத்தில் நாள் ஓட்டம் நிரம்பிவிடும். இந்த அளவு பேட்டரிக்கு வேகச் சார்ஜர் நிலையம் தேடி அலைய வேண்டியதில்லை.

மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் தென்கிழக்கில் இருந்தது. குண்டாறு போகும் திசையிலேயே கமுதிக்குப் போனோம். செங்கப்படை அருகே கருவேலங்காடு சட்டென்று முடிகிறது; கண்ணுக்கெட்டிய தூரம் நீலக் கண்ணாடிப் பலகைகள். 2,500 ஏக்கரில், 25 லட்சம் பலகைகளோடு, 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை அதானி குழுமம் 2016 செப்டம்பரில் இங்கே இயக்கிவைத்தது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் அன்று உலகிலேயே பெரியது இதுதான். மழை ஏமாற்றும் மண்ணில் வெயில் ஒருநாளும் ஏமாற்றியதில்லை என்பதை முதலீட்டாளர்கள் நமக்கு முன்னால் கணக்கிட்டுவிட்டார்கள். இங்கே விளையும் மின்சாரம் 400 கிலோவோல்ட் கம்பிகளில் ஏறி வெளியே போகிறது. அந்த மின்நிலையத்தைத் தாங்கும் மண்ணின் வண்டிகள் மட்டும் வேறு நாட்டிலிருந்து கப்பலில் வந்த எண்ணெயைக் குடித்துக்கொண்டிருக்கின்றன. இது மாற வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

மாற வழியும் இருக்கிறது. இந்த வெயிலில் கூரையில் வைக்கும் ஒரு கிலோவாட் பலகை நாளொன்றுக்கு 4 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். 3 கிலோவாட் வைத்தால் அண்ணனின் நாள் ஓட்டம் கூரையிலேயே விளைந்துவிடும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. காலையில் காட்டுக்குப் போய்விட்டு, உச்சி வெயிலில் வீடு திரும்பி, சாயங்காலம் மறுபடி கிளம்பும் சம்சாரியின் நேரஒழுங்குக்கும் இது ஒத்துப்போகிறது. வெயில் உச்சத்தில் இருக்கும்போதுதான் அவர் வண்டி வீட்டில் நிற்கிறது.

இவ்வளவும் இருந்தும் அண்ணன் அடுத்த நாளே வேலையைத் தொடங்க முடியாது. ஓடும் வண்டியின் இயக்கத்தை மாற்றுவது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்குள் வருகிறது. பழைய வண்டிகளில் ஹைபிரிட், மின்சாரக் கருவித்தொகுதிகளைப் பொருத்துவதற்கான விதிகளை மத்திய அரசு 2016 ஜூனில் வெளியிட்டது. ஏ.ஐ.எஸ்.-123 என்ற தரநிலை அதற்கான சோதனைகளை வகுக்கிறது. கருவித்தொகுதியைச் செய்கிறவர் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தில் வகை ஒப்புதல் பெற வேண்டும், ஒப்புதல் பெற்றவர் அங்கீகரித்த பட்டறையே பொருத்த வேண்டும், ஆர்.டி.ஓ. அலுவலகம் பதிவுச் சான்றில் மாற்றத்தைக் குறிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதில் ஒன்றையும் நான் தேவையற்றது என்று சொல்லமாட்டேன். அந்தக் காயில் பட்டறைப் பெரியவர் சொன்ன நானூறு வோல்ட் பயம் நியாயமான பயம்.

பெரிய நிறுவனங்களின் அனுபவமே அதற்குச் சாட்சி. ஜீப் ராங்ளர் 2018-இல் இ-டார்க் என்ற 48 வோல்ட் மைல்ட் ஹைபிரிட்டோடு வந்தது. 2020-இல் அதே ராங்ளருக்கு 4-எக்ஸ்-இ என்ற வடிவத்தை அறிமுகப்படுத்தினார்கள். 17 யூனிட்டை ஒட்டிய பேட்டரி, பின்னிருக்கைக்கு அடியில். கியர்பெட்டியோடு இணைந்த வலுவான மோட்டார். டீசலோ பெட்ரோலோ இல்லாமல் 34 கிலோமீட்டர் ஓட்டம். அண்ணனும் நானும் ஆற்றங்கரையில் போட்ட கணக்குக்கு வெகு அருகில் அந்த அளவு இருந்தது எனக்குத் தெம்பு தந்தது. ஆனால் அந்த வண்டிகள் பேட்டரித் தீ அபாயம் காரணமாக ஒரு தடவைக்கு மேல் திரும்ப அழைக்கப்பட்டன. ஆலையில் செய்ததற்கே அந்த நிலை என்றால், தெருவோரப் பட்டறையில் கட்டிய பேட்டரிக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

நம் நாட்டிலேயே ஒரு முன்னோடி இருந்தது. 2010 ஜூனில் புனேயின் கே.பி.ஐ.டி. கம்மின்ஸ் நிறுவனம், பாரத் ஃபோர்ஜோடு சேர்ந்து, ‘ரெவோலோ’ என்ற கருவித்தொகுதியை அறிவித்தது. ஓடிக்கொண்டிருக்கும் காரின் இன்ஜினோடு மோட்டாரை இணைத்து, பின்பெட்டியில் பேட்டரி வைத்து, வீட்டுப் பிளக்கில் சார்ஜ் செய்யும் ஹைபிரிட்டாக அதை மாற்றும் ஏற்பாடு. 40 விழுக்காடு வரை எரிபொருள் மிச்சமாகும் என்றார்கள். பொருத்த அனுமதிக்கும் விதி அப்போது இல்லை. விதி வந்த 2016-க்குள் ஆறு ஆண்டுகள் போய்விட்டன. சந்தை வேறு பக்கம் திரும்பிவிட்டது. அண்ணனைப் போன்றவர்கள் வாங்கும்படியாக அது கடைத்தெருவுக்கு வரவேயில்லை. நல்ல யோசனைக்கு விதி தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

2016 என்ற ஆண்டை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். ஜூனில் விதி, ஜூலையில் அண்ணனின் வண்டி வகை, செப்டம்பரில் கமுதியின் மின்நிலையம். மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. மூன்றையும் யாரும் சேர்த்துக் கட்டவில்லை. விதி டெல்லியில் தங்கியது, மின்சாரம் கம்பியில் போனது, வண்டி டீசலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சேர்த்துக் கட்டத் தேவையானவை தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுக்கு அருகில் இருக்கிறது. அதன் சோதனைத் தடம் செய்யாறில் இருக்கிறது. ஒரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. மோட்டாரைப் பிரித்துக் கட்டத் தெரிந்த கைகள் அருப்புக்கோட்டையில் இருக்கின்றன. அடிச்சட்டம் உறுதியான பழைய ஸ்கார்பியோக்களும் பொலேரோக்களும் ஊருக்கு ஊர் நிற்கின்றன. ஒரு வண்டிக்காக ஒருவர் வகை ஒப்புதலுக்குச் செலவழிக்க முடியாது. ஆயிரம் வண்டிகளுக்காக ஓர் அரசுத் துறை செலவழிக்க முடியும். வட்டார வளர்ச்சி அலுவலகம், வருவாய்த் துறை, நீர்வளத் துறை, வனத்துறை என்று இந்த மாவட்டத்தில் ஓடும் அரசு ஜீப்புகளின் நாள் ஓட்டமும் அண்ணனுடையதைப் போலத்தான் இருக்கும்: காலையில் கிளம்பி, நாலு கிராமம் பார்த்து, மாலையில் அதே கொட்டகைக்குத் திரும்பும் ஓட்டம். அவற்றில் பரவலாக இருக்கும் ஒரு வகையை எடுத்துக்கொண்டு, முன் அச்சு மோட்டாரும் 15 யூனிட் பேட்டரியும் கொண்ட ஒரு கருவித்தொகுதிக்கு அரசே ஒப்புதல் பெற்றுத் தரட்டும். ஐ.டி.ஐ.யில் அதைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொடுக்கட்டும். அதே கருவித்தொகுதி பிறகு சம்சாரிகளின் வண்டிக்கும் வரும்.

விருதுநகரும் ராமநாதபுரமும் வளர்ச்சியில் முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என்று மத்திய அரசே பட்டியலிட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களுக்கு மின்வாகனம் என்றால் கடைசியில் வந்துசேரும் ஆடம்பரம் என்று பலரும் எண்ணுகிறார்கள். இந்தச் சாலைகளில் ஓடிப் பார்த்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓட்டம் குறுகியது, வெயில் தாராளம், வண்டி உறுதி, கை தேர்ந்தது. பெருநகரத்தைவிட இங்கேதான் இந்த மாற்றத்துக்குக் குறைந்த பேட்டரி போதும், குறைந்த செலவு போதும். எவ்வளவு பெரிய பேட்டரி என்ற கேள்வியை நெடுஞ்சாலையிடம் கேட்டால் ஒரு பதில் வரும்; கம்மாய்க்கரையிடம் கேட்டால் வேறு பதில் வரும். நம் கொள்கை வகுப்பவர்கள் இதுவரை முதல் கேள்வியை மட்டும் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவதைக் கேட்க வேண்டிய காலம் இது. அண்ணனின் வண்டிக்கு இன்னும் 2031 வரை பதிவு இருக்கிறது. அதற்குள் ஒப்புதல் பெற்ற ஒரு கருவித்தொகுதியும் அதைப் பொருத்தத் தெரிந்த ஒரு பட்டறையும் அருப்புக்கோட்டைக்கு வந்தாக வேண்டும்.